கிஸ்தும் கிஸ்தியும்: நீதியைச் சுட்டும் சொற்கள் குறித்து

ஷஃபான் மாதத்தில் அரபுக் கல்லூரிகளில் ஸஹீஹுல் புகாரி ஓதி நிறைவு செய்யப்படும் நாள், ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பெருநாளைப் போன்றது. ஓராண்டு உழைப்பின் முடிவில், இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் அமைத்த கடைசிப் பாடத்தை அன்று ஓதுகிறோம். மறுமை நாளில் நிறுவப்படும் தராசுகளைக் குறித்த இறைவசனத்தின் ஒரு பகுதியையே அப்பாடத்திற்குத் தலைப்பாக இமாமவர்கள் வைத்துள்ளார்கள். அவ்வசனம் அத்தராசுகளை 'கிஸ்த்' என்னும் சொல்லால் சிறப்பிக்கின்றது. நபிமொழியை எடுத்துரைப்பதற்கு முன்னர் இமாமவர்கள் சற்றே நின்று சொல்லாராய்ச்சியில் இறங்குகிறார்கள். 'கிஸ்தாஸ்' என்பது ரோமர் மொழியில் 'அத்ல்' எனப் பொருள்படும் என்ற முஜாஹித் (ரஹ்) அவர்களின் கூற்றை எடுத்துக்காட்டுகிறார்கள். 'முக்ஸித்' என்பவர் நீதி செய்பவர், 'காஸித்' என்பவர் கொடுமை இழைப்பவர் என்று, ஒரே வேரில் பிறந்து எதிரெதிர்த் திசையில் சென்ற இரு சொற்களையும் குறிக்கிறார்கள். தராசில் கனக்கும் இரு திருவாக்கியங்களைப் பற்றிய நபிமொழி அதன் பின்னரே வருகின்றது. 7,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களைக் கொண்ட ஒரு பெருநூலின் கடைசிப் பக்கத்தில், ஒரு சொல்லின் பொருள் பற்றிய இத்தகைய அக்கறை அமைந்திருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன், திருச்சிராப்பள்ளியில் அத்தகைய நிறைவு நாள் ஒன்றில், மாணவர் ஒருவரின் தந்தை என்னிடம் வந்தார். கொள்ளிடத்தின் வடகரையில் வாழை பயிரிடுபவர். "ஹஜ்ரத், இன்னிக்கு கிஸ்து கிஸ்துன்னு சொன்னீங்களே, அது நாங்க நிலத்துக்குக் கட்டுற கிஸ்திதானா?" என்று கேட்டார். அருகில் நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டனர். நான் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் கூறியது முற்றிலும் சரியானது. நில வரித் தவணையைக் குறிக்கும் 'கிஸ்தி'யும் திருக்குர்ஆனின் 'கிஸ்து'ம் ஒரே சொல்லே. இறைவன் தன் தூதர்களை எதற்காக அனுப்பினானோ அதைச் சுட்டும் சொல், நம் நாட்டு உழவனின் காதில் வரி ரசீதாக ஒலிக்கின்றது. இது எவ்வாறு நேர்ந்தது? இதனால் நாம் இழந்தது என்ன? இவ்விரு வினாக்களே இக்கட்டுரைக்கு வித்து.

அலுவலகத்தின் வழியே வந்த சொற்கள்

'கிஸ்த்' என்பதன் அடிப்படைப் பொருள்களுள் ஒன்று பங்கு. பங்கு பங்காகப் பிரித்துச் செலுத்தும் தொகையும் 'கிஸ்த்' எனப்பட்டது. பாரசீக மொழியில் நடந்த வருவாய் நிர்வாகத்தில், நில வரியின் ஒவ்வொரு தவணைக்கும் இச்சொல் வழங்கலாயிற்று. நவாபுகளிடமிருந்து அது கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கேடுகளுக்குச் சென்றது. அங்கிருந்து கிராமக் கணக்குப்பிள்ளையின் நாவில் 'கிஸ்தி' ஆயிற்று. 1959இல் வெளிவந்த வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படத்திற்குப் பின்னர், அந்நியனின் அடக்குமுறைக்கே அது அடையாளச் சொல்லாக நிலைத்துவிட்டது.

திருச்சிராப்பள்ளி இவ்வரலாற்றுக்கு வெளியே நின்ற ஊர் அன்று. ஆர்க்காட்டு நவாபுகளின் முதன்மையான கோட்டை நகரங்களுள் இது ஒன்று. நவாப் முகம்மது அலி வாலாஜா இவ்வூரின் நத்ஹர் வலி தர்காவில்தான் அடக்கமாகியிருக்கிறார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனியின் கைக்கு மாறியபோது ஆள்வோர் மாறினர். அலுவலகச் சொற்கள் மாறவில்லை. இன்றும் நம்மூர்க் கண்டோன்மென்ட் பகுதியில் உள்ள நீதிமன்ற வளாகத்தில் ஒரு நாழிகை நின்று செவி கொடுத்தால், அரபுச் சொற்கள் எத்தனை என்று வியக்கலாம். வக்கீல், வக்காலத்து, தாவா, ஆஜர், ஜாமீன், ஜப்தி, ரத்து, நகல், அசல் என்று அவை வரிசையாக வரும். 'முன்சீப்' என்பது 'முன்ஸிஃப்'. பாதி என்னும் பொருளுடைய 'நிஸ்ஃப்' என்ற வேரிலிருந்து 'இன்ஸாஃப்' பிறந்தது. தனக்கெனக் கொள்ளும் அளவையே பிறர்க்கும் கொடுப்பவர் முன்ஸிஃப். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் வழியே பரவிய 'லோக் அதாலத்'தில் உள்ள 'அதாலத்', 'அத்ல்' என்னும் வேரினது.

இவற்றுள் என் மனத்தை வருத்துவது 'அமீனா' என்னும் சொல். நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருளில் மக்கத்து மக்கள் பெருமானார் (ஸல்) அவர்களை 'அல்அமீன்' என்று அழைத்தனர். நம் ஊரில் 'அமீனா வருகிறார்' என்றால், கடன்பட்டவன் வீட்டுப் பாத்திரங்கள் தெருவுக்கு வரப்போகின்றன என்று பொருள். நம்பிக்கையைச் சுட்டிய சொல் அச்சத்தைச் சுட்டுவதாயிற்று. சொற்கள் எந்த வாசல் வழியே ஒரு மொழிக்குள் நுழைகின்றனவோ, அந்த வாசலின் மணம் அவற்றில் ஒட்டிக்கொள்கின்றது. வணிகரும் சூஃபிகளும் கொண்டுவந்த சொற்களுக்கு வேறு மணம். கச்சேரி வழியே வந்த சொற்களுக்கு வேறு மணம்.

இக்கச்சேரியின் உள்ளே இருந்து தமிழுக்காகச் சிந்தித்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்த வேதநாயகம் பிள்ளை, இவ்வூர் நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றிய பின்னரே முன்சீப் ஆனார். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரில் வெளியிட்டார். வழக்காடுபவனுக்குத் தன் வழக்கின் முடிவு தன் மொழியில் விளங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரே 1859இல் 'நீதிநூல்' இயற்றினார். முன்சீப் ஒருவர் எழுதிய நீதிநூல் என்றவுடன் சட்டப் புத்தகம் என்று நினைப்போர் ஏமாறுவர். பெற்றோரைப் பேணல், பொய் தவிர்த்தல் முதலிய நல்லொழுக்கங்களே அதன் பொருள். அவர் காலத்தில் 'நீதி' என்பதற்கு ஒழுக்கநெறி என்னும் அகன்ற பொருள் உயிரோடு இருந்தது. 'வழிநடத்துதல்' என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து பிறந்த சொல்லுக்கு அப்பொருள் இயல்பானதே. பின்னர் நீதிமன்றம், நீதிபதி, நீதித்துறை எனத் தொகைச் சொற்கள் பெருகப் பெருக, 'நீதி' கட்டடத்திற்குள் குடியேறிவிட்டது. இன்று 'நீதி வேண்டும்' என்று ஒருவர் முழங்கினால், வேறொருவர் வந்து அதை வழங்க வேண்டும் என்பதே கருத்தாகின்றது.

அகராதியாளர் காட்டும் வேறுபாடு

இனி அரபு மொழியின் பக்கம் திரும்புவோம். 'அத்ல்' என்னும் வேரின் பருப்பொருள் ஒன்று அகராதிகளில் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஒட்டகத்தின் இரு விலாக்களிலும் தொங்கவிடப்படும் பொதிகளுள் ஒன்றுக்கு 'இத்ல்' என்று பெயர். ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் சரியும். பாலையில் பயணம் நின்றுபோகும். இரு பொதிகளும் ஒத்திருப்பதே 'அத்ல்'. இறைவனுக்கு இணையாகப் பிறவற்றை வைப்பதைக் கண்டிக்கும் இடத்திலும் (6:1) திருக்குர்ஆன் இதே வேரிலிருந்து பிறந்த வினையை ஆள்கின்றது. ஒவ்வாததை ஒப்பாக்குவது அங்கே குற்றமாகின்றது. ஆகவே 'அத்ல்' என்பது எதை எதனோடு நிறுக்கிறோம் என்ற தெளிவையும் உடன் வேண்டி நிற்கின்றது.

'கிஸ்த்' குறித்து ராகிபுல் இஸ்ஃபஹானி (ரஹ்) தம் 'அல்முஃப்ரதாத்' நூலில் தரும் விளக்கம் திட்பமானது. நேர்மையாகப் பிரிக்கப்பட்ட பங்கே கிஸ்த். பிறர் பங்கை எடுத்துக்கொள்வது 'கஸ்த்', அது கொடுமை. பிறர் பங்கை அவரிடமே சேர்ப்பது 'இக்ஸாத்', அது நேர்மை. ஒரே வேர் எதிரெதிர்ப் பொருள் தருவதேன் என்று புகாரியின் இறுதிப் பாடத்தில் மாணவர் எழுப்பும் ஐயத்திற்கு விடை இதுவே. இரண்டிலும் நடுவே இருப்பது ஒரு பங்கு. அது யார் கையில் போய்ச் சேருகிறது என்பதில்தான் காஸிதும் முக்ஸிதும் வேறுபடுகின்றனர்.

ஒத்த பொருளுடையனவாகத் தோன்றும் சொற்களின் வேறுபாடுகளை ஆராய்வதற்கென்றே 'அல்ஃபுரூக்' என்னும் நூலை யாத்தவர் அபூ ஹிலால் அல்அஸ்கரீ. 'கிஸ்த்' என்பது கண்ணுக்குப் புலப்படும் 'அத்ல்' என்கிறார் அவர். அளவைப் படியும் தராசும் 'கிஸ்த்' என்று பெயர் பெற்றதற்கு அவர் கூறும் காரணம், அவை நேர்மையை உருவமாக்கிக் காட்டுகின்றன என்பது. 'அத்ல்' மறைவாகவும் இருக்கக்கூடும். 'கிஸ்த்' மறைவாக இருக்க இயலாது. இன்ஸாஃபுக்கும் அத்லுக்கும் இடையிலும் அவர் கோடு கிழிக்கிறார். குற்றவாளி ஒருவன் உரிய தண்டனை பெற்றால் அவனிடத்தில் 'அத்ல்' நிகழ்ந்தது எனலாம். 'இன்ஸாஃப்' நிகழ்ந்தது எனல் பொருந்தாது. பாதியைத் தருதல் அங்கே இல்லையன்றோ!

விரிவுரையாளர் பலர் 'கிஸ்த்' வரும் இடங்களில் 'அத்ல்' என்றே பொருள் எழுதியுள்ளனரே என்று வினவலாம். புகாரி (ரஹ்) அவர்களும் முக்ஸித் என்பதை ஆதில் என்றே விளக்குகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் அறிந்த சொல்லால் அறியாச் சொல்லை விளக்குவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிடுவது வேறு. அல்லாஹ்வின் திருநாமங்களைப் பட்டியலிடும் திர்மிதியின் அறிவிப்பில் 'அல்அத்ல்', 'அல்முக்ஸித்' ஆகிய இரண்டும் தனித்தனியே இடம்பெறுகின்றன என்பதையும் நோக்குக.

மொழிபெயர்ப்பில் மறைந்தது

திருக்குர்ஆன் இவ்விரு சொற்களையும் அருகருகே வைக்கும் இடங்கள் சில உள்ளன. 4:3இல் அநாதைகளின் காரியத்தைப் பேசும்போது கிஸ்தின் வினையும், மனைவியரின் காரியத்தைப் பேசும்போது அத்லின் வினையும் வருகின்றன. 6:152இல் அளவையும் நிறுவையும் கிஸ்தைக் கொண்டு நிறைவு செய்யுமாறும், பேசும் பேச்சில் அத்லைக் கடைப்பிடிக்குமாறும் கட்டளை உள்ளது. 2:282இல் கடன் பத்திரம் எழுதுபவர் அத்லோடு எழுத வேண்டும். அவ்வாறு எழுதிவைப்பதே இறைவனிடத்தில் மிகுந்த கிஸ்த் உடையது. 49:9இல் பூசலிட்ட இரு சாராரிடையே அத்லோடு சமாதானம் செய்விக்குமாறும், கிஸ்தோடு நடக்குமாறும் ஏவல் வருகின்றது. அநாதையின் சொத்து, அளவைப் படி, எழுதிய கடன் என்று எண்ணிப் பார்க்கக்கூடியவை வரும் இடங்களில் கிஸ்த் நெருங்கி நிற்கின்றது. எல்லா இடங்களிலும் இப்பாகுபாடு பிசகாது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. சாட்சியம் பற்றிய 4:135இல் கிஸ்தே வருகின்றது. 5:8இல் இரண்டும் கலந்து வருகின்றன. என்றாலும் ஒரு போக்கு தெளிவாகவே தென்படுகின்றது.

தமிழாக்கங்களில் இப்போக்கு தென்படுவதில்லை. அவற்றில் பெரும்பாலும் நீதி, நியாயம் என்னும் இரு சொற்களும், நம் சமூகத்தாரிடையே சிறப்பாக வழங்கும் 'நீதம்' என்பதும் மாறிமாறி வருகின்றன. எந்த அரபுச் சொல்லுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்னும் வரையறை இல்லை. இதைச் சொல்வதால் முன்னோடிகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பதாக எவரும் கருதற்க. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் அப்துல் ஹமீத் பாகவி (ரஹ்) போன்றோர் இப்பணியில் இறங்கியபோது, வேதத்தை மொழிபெயர்க்கலாமா என்னும் வினாவுக்கே அவர்கள் விடை சொல்ல வேண்டியிருந்தது. நுண்ணிய பாகுபாடு பின்வந்தோரின் கடமை. பின்வந்த நாம் அக்கடமையைச் செய்யவில்லை என்பதே என் குறை.

இதன் விளைவு யாது? 57:25இல் தூதர்களும் வேதமும் தராசும் அருளப்பட்டதன் நோக்கம் கூறப்படுகின்றது. அங்கே கிஸ்தை நிலைநிறுத்த வேண்டியவர்களாக மொழியப்படுபவர்கள் மக்கள். ஆட்சியாளரோ காஜியோ தனித்துக் கூறப்படவில்லை. கட்டடத்திற்குள் குடியேறிவிட்ட 'நீதி' என்னும் சொல்லை அங்கே வைத்தவுடன், வாசகர் அதை அரசுக்கும் நீதிபதிக்கும் உரிய கட்டளையாகப் படித்துவிட்டுக் கடந்து செல்கிறார். தராசு தம் கடையில் தொங்குவது அவர் நினைவுக்கு வருவதில்லை. தீர்ப்பளிப்போரை விளித்துப் பேசும் 4:58 போன்ற இடங்களில் 'நீதி' மிகப் பொருத்தமான சொல். வணிகரையும் உடன்பிறந்தாரையும் அநாதையின் பொறுப்பாளரையும் விளிக்கும் இடங்களில் அது போதாது.

பொருளியல் அறிஞர் அமர்த்திய சென், நீதி பற்றி 2009இல் வெளியிட்ட ஆங்கில நூலில், வடமொழியின் 'நீதி', 'நியாய' என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்தினார். விதிகளும் நிறுவனங்களும் ஒழுங்காக அமைந்திருப்பது முன்னது. மனிதர் வாழ்வில் உண்மையில் என்ன விளைந்தது என்று பார்ப்பது பின்னது. இவ்வேறுபாடு நமக்கும் துணையாகும். ஆயினும் தமிழ்ப் பேச்சு வழக்கில் 'நியாயம்' தேய்ந்துவிட்டது. 'நியாய விலைக் கடை'யில் அது நன்றாக வாழ்கின்றது. மற்ற இடங்களில் சாக்குப்போக்கு என்னும் பொருளுக்குச் சரிந்து, 'ஆளுக்கொரு நியாயம்' என்றாகிவிட்டது. 'அநியாயம்' என்பதோ மிகுதியைக் குறிக்கும் வெற்றுச் சொல்லாகி, 'அநியாயத்துக்கு நல்லவர்' என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது.

தமிழின் கருவூலம்

அவ்வாறாயின் தமிழில் சொல் இல்லையா? நிரம்ப இருக்கின்றது. அதைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளியின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூர், சோழரின் பழந்தலைநகர். உறந்தை அவையில் அறம் நிலைபெற்றிருந்ததைச் சங்கப் புலவர் பாடிச் சென்றனர். இளையவன் என்று ஐயுற்ற முதியோர் இருவர்க்காக நரைமுடி சூடி வந்து வழக்குத் தீர்த்த சோழனின் கதையைப் பழமொழி நானூறு சொல்கின்றது; கரிகாலனைப் பற்றியது அது என்பர். அம்மன்னன் செய்ததைக் குறிக்க அந்நூல் ஆளும் சொல் 'முறை'.

இந்த 'முறை' என்னும் சொல்லை நாம் சரியாக மதிக்கவில்லை. முறை என்றால் ஒழுங்கு. முறை என்றால் அவரவர்க்கு வரும் வேளை. முறை என்றால் உறவு. இழந்தவர் செய்வது முறையீடு. திருவரங்கத்துப் பெருங்கோயிலில் பணி செய்வோர் தத்தம் முறைப்படி பணியாற்றுவர்; அது கடமையாகவும் உரிமையாகவும் ஒருங்கே கருதப்படும். வாய்க்காலில் நீர் குறையும் காலத்தில் காவிரிப் பாசனப் பகுதியில் 'முறைப் பாசனம்' வைப்பர். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் நாள் வகுத்து நீர் பெறுவர். தன் நாள் கடந்தும் மடையைத் திறந்து வைத்திருப்பவன் செய்வது முறைகேடு. ஒரு பொருளை அதற்குரிய இடமல்லாத இடத்தில் வைப்பதே 'ளுல்ம்' என்று அரபு அகராதியாளர் வரையறுத்தனர். அதற்கு நாம் வழக்கமாக எழுதும் 'அநீதி'யைக் காட்டிலும் 'முறைகேடு' அணுக்கமாக அமைகின்றது. நாளிதழ்கள் அச்சொல்லைப் பண மோசடிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டமை நம் கெடுவாய்ப்பு.

நீரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் விளங்கும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு பிரிகின்றது; காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கம் தீவாகக் கிடக்கின்றது. இவ்வாற்று நீருக்கான பிணக்கைத் தீர்க்க 1990இல் அமைக்கப்பட்டது 'நடுவர் மன்றம்'. அது 2007இல் இறுதித் தீர்ப்பு வழங்கியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டிற்கு விட வேண்டிய அளவை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அத்தீர்ப்பின் நீண்ட சட்ட விளக்கங்களைப் படித்த உழவர் சிலரே இருப்பர். அந்த எண்ணை அறியாத உழவர் இல்லை. நீதி வழங்கப்பட்டதாகக் கேள்வியுற்று எவரும் அமைதி கொள்ளவில்லை, எத்தனை டி.எம்.சி. என்றே கேட்டனர். கண்ணுக்குப் புலப்படும் 'அத்ல்' என்று அபூ ஹிலால் கூறியது இதைத்தான். அரபு அறியாத உழவர்க்கும் கிஸ்த் இன்னதென்று தெரிந்திருக்கின்றது.

திருக்குறளில் வள்ளுவர் வகுத்த அமைப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மன்னனின் செங்கோன்மை பொருட்பாலில் 55ஆம் அதிகாரமாக வருகின்றது. அதற்கு நெடுந்தூரம் முன்னரே, அறத்துப்பாலின் இல்லறவியலில், 12ஆம் அதிகாரமாக 'நடுவு நிலைமை' அமைந்துவிடுகின்றது. கோலேந்தும் அரசனுக்கு முன்பே குடும்பம் நடத்தும் சாமானியனிடம் நடுவு நிலைமை எதிர்பார்க்கப்படுகின்றது. தராசின் கோலை உவமையாக்கி, பேச்சில் கோணல் இன்மையை வலியுறுத்தி, முடிவில் வணிகரை நோக்கி, பிறர் பொருளையும் தம் பொருளெனப் பேணச் சொல்கிறது அவ்வதிகாரம். பகைவர், அயலார், நண்பர் என்னும் முப்பகுதியாரிடத்தும் பிறழாமை என்று பரிமேலழகர் விரித்துரைப்பார். ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள வெறுப்பு உங்களை நேர்மையினின்று பிறழச் செய்யலாகாது என எச்சரிக்கும் 5:8இன் கருத்தையும், நம்மோடு போரிடாத பிற சமயத்தாரிடம் கிஸ்தோடு நடப்பதைப் போற்றும் 60:8இன் கருத்தையும் ஓதியவர்க்கு இவ்விளக்கம் அந்நியமாகத் தோன்றாது. இரண்டும் ஒன்றே என்று நான் கூற வரவில்லை. அடித்தளமும் நோக்கும் வெவ்வேறு. தராசையும் பேச்சையும் சந்தையையும் ஒரே மூச்சில் சொல்லும் ஒரு சொல்லாட்சி தமிழில் முன்னமே உள்ளது; மொழிபெயர்ப்பாளர் அதைப் பயன்கொள்ளலாம் என்பதே என் கூற்று.

ஆகவே என் பரிந்துரை எளியது. தீர்ப்பளித்தலைச் சுட்டும் இடத்தில் 'நீதி' நிற்கட்டும். சொல்லிலும் மனத்திலும் சாயாமையைச் சுட்டும் 'அத்ல்' வருமிடத்தில் 'நடுவு நிலைமை' வரட்டும். அளவை, சொத்து, அநாதை, கடன் ஆகியவற்றோடு 'கிஸ்த்' வருமிடத்தில், உரியவர் பங்கை உரியவரிடம் சேர்த்தல் என்னும் பொருள் விளங்க எழுதட்டும். சொல் நீளலாம், பொருள் மறைவதைக் காட்டிலும் அது மேல்.

ஒரு முடிவுத்தாள்

இது ஏட்டாராய்ச்சி மட்டுமே என்று கருதுவோர்க்கு, என் வாழ்வில் நான் இன்னும் மறக்க இயலாத ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மஹல்லாவில் சொத்துப் பிணக்கு ஒன்றைப் பேசித் தீர்க்க என்னையும் அழைத்திருந்தனர். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டனர். ஆண்மக்கள் இருவர், பெண்மகள் ஒருத்தி, கணவனை இழந்தவர். தந்தையார் விட்டுச் சென்றது இரண்டரை ஏக்கர் நஞ்சை. பேச்சு இஷாவுக்குப் பின் தொடங்கி நள்ளிரவு வரை நீண்டது. திருமணத்தில் போட்ட நகையையும், அவர் கணவர் இறந்தபோது சகோதரர்கள் செய்த உதவியையும் கணக்கில் கொண்டு, அவருக்கு ஒரு தொகை தருவதென்று முடிவாயிற்று. முடிவுத்தாளை எழுதும் பணி என்னிடம் வந்தது. 'மூவர்க்கும் நீதியாக முடிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

கையெழுத்திடுவதற்கு முன் அந்தச் சகோதரி திரைக்கு அப்பாலிருந்து கேட்டார்: "ஹஜ்ரத், மார்க்கப்படி எனக்கு எவ்வளவு வரணும்னு மட்டும் சொல்லுங்க. விட்டுக் கொடுக்கிறதா இல்லையான்னு அப்புறம் நான் முடிவு பண்ணிக்கிறேன்."

அவையில் இருந்த முதியவர் ஒருவர் எனக்கு முன்னரே விடை கூறிவிட்டார்: "உன் நஸீபு அவ்வளவுதாம்மா, அல்லாஹ் வேற வழியில தருவான்."

நான் வாய் திறக்கவில்லை. மூன்று பிள்ளைகள், ஆண்மக்களுக்கு இரண்டிரண்டு, பெண்மகளுக்கு ஒன்று, ஆக ஐந்து பங்கு. அவர் பங்கு அரை ஏக்கர். ஸிராஜீயை ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதிக் கொடுப்பவன் நான். அக்கணக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. 1949இல் சென்னை மாகாணத் திருத்தம் அவ்விலக்கை நீக்கிவிட்டது. ஆகவே மார்க்கமும் நாட்டுச் சட்டமும் அவர் பக்கமே நின்றன. அவருக்கு எதிராக அன்று நின்றவை இரண்டு சொற்கள். ஒன்று நான் எழுதிய 'நீதியாக'. மற்றொன்று அம்முதியவர் சொன்ன 'நஸீபு'.

வீடு திரும்பும் வழியில்தான் அச்சொல் என்னைத் தைத்தது. பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, அது சிறிதாயினும் பெரிதாயினும் விதிக்கப்பட்ட பங்கு என்று உரைக்கும் 4:7இல், பங்கைக் குறித்து வரும் அரபுச் சொல் 'நஸீப்'. திருக்குர்ஆன் பெண்ணுக்கு உரிய பங்கென்று சொன்ன அதே சொல்லை, நாம் அவள் தலைவிதி என்று பொருள் மாற்றி அவளிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறோம்! கிஸ்து கிஸ்தியானது ஆள்வோரால் நேர்ந்தது. நஸீப் நஸீபானது நம் வீடுகளுக்குள்ளேயே நேர்ந்தது.

2007இல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம். அது உரிமை, கேட்டுப் பெற்றதில் தவறில்லை. அரசிடம் நம் பங்கைப் புள்ளிக்கணக்கோடு கேட்கத் தெரிந்த நமக்கு, சகோதரியின் பங்கை எண்ணாகச் சொல்ல நா எழவில்லை. அங்கே 'சமூகநீதி' என்போம். இங்கே 'நஸீபு' என்போம்.

மூன்று ஆண்டுகள் கழித்து அந்தச் சகோதரியின் வீட்டைத் தேடிச் சென்றேன். "அம்மா, உங்கள் பங்கு அரை ஏக்கர். அன்று சொல்லாதது என் தவறு" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது எனக்கு அன்னிக்கே தெரியும் ஹஜ்ரத். நீங்க வாயால சொல்லணும்னுதான் கேட்டேன்" என்றார்.

அவர் வேண்டியது நிலம் மட்டுமாக இருந்திருந்தால் வழக்காடி இருப்பார். தம் பங்கு இன்னதென்று அவையில் வெளிப்படையாக ஒருவர் மொழிய வேண்டும் என்றே அவர் வேண்டினார். கண்ணுக்குப் புலப்படும் 'அத்ல்' எதுவென்று அபூ ஹிலாலின் நூலை ஓதிய எனக்கு அவரே ஓதிக் கொடுத்தார்.

இப்போது இத்தகைய அவைகளுக்கு அழைப்பு வந்தால் ஒரு நிபந்தனையோடு செல்கிறேன். முடிவுத்தாளின் முதல் வரியில் ஒவ்வொருவரின் பங்கும் எண்ணால் எழுதப்பட வேண்டும். விட்டுக்கொடுத்தல் உண்டாயின் அடுத்த வரியில், விட்டுக்கொடுப்பவரின் சொந்த வாய்மொழியாக வர வேண்டும். 'நீதியாக முடிக்கப்பட்டது' என்பதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்வேன். முதல் இரண்டு வரிகளும் ஒழுங்காக அமைந்துவிட்டால், பெரும்பாலும் அவ்வரியை எழுத வேண்டிய தேவை எவர்க்கும் தோன்றுவதில்லை.